கொழும்பில் ஓவர்ஹெட் கிரேன் பழக வருபவர்களுக்கு: பட்டனைத் தொடுவதற்கு முன்பு

பேலியகொடை, ஒருகொடவத்தை, மட்டக்குளிப் பக்கத்து இரும்பு யார்டுகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் ஹெல்பராகத்தான் சேருவார்கள். ஹட்டனிலிருந்து வந்தவர் இருப்பார், வவுனியாவிலிருந்து வந்தவர் இருப்பார், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவரும் இருப்பார். ஐந்தாறு மாதம் ஸ்லிங் (லோடைச் சுற்றிக் கொக்கியில் மாட்டும் பெல்ட் அல்லது கயிறு) கட்டுவார்கள். பிறகு ஒரு நாள் ஒப்பரேட்டர் லீவு போடுவார். "தம்பி, இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதானே நின்றாய், இன்றைக்கு நீயே ஓட்டு" என்று பெண்டன்டை, அதாவது கிரேனிலிருந்து தொங்கும் பட்டன் பெட்டியை, தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் தொடங்கியதும் அப்படித்தான். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெண்டன்டில் இருப்பவை ஆறு பட்டன்கள். கொக்கி மேலே, கீழே. பாலம் (மேலே தண்டவாளத்தில் ஓடும் குறுக்கு பீம்) முன்னே, பின்னே. டிராலி (அந்தப் பாலத்தில் கொக்கியைச் சுமந்து ஓடும் வண்டி) இடம், வலம். அவற்றோடு சிவப்பாக ஒரு ஸ்டொப். அரை மணி நேரத்தில் யாருக்கும் பழகிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பட்டனிலிருந்து விரலை எடுத்தால் கிரேன் நிற்கும், தொங்குகிற லோட் நிற்காது. அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போகும். நான் கண்ணால் கண்ட விபத்துகள் எல்லாம் லோடில் தொடங்கியவைதான்: அதன் பாரம் தெரியாமல் தூக்கியது, அரைகுறையாகக் கட்டியது, ஆட்டத்தை அடக்கத் தெரியாமல் போனது. ஆகவே பயிற்சிக்குப் போகும்போது லோடைப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

பயிற்சிக்குச் சேரும்போது கேட்க வேண்டியவை

நமது நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு கிரேனிலும் அது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும், குறித்த காலத்துக்கு ஒரு தடவை தகுதியான ஒருவர் அதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருபவை. இதைப் பார்த்துக்கொள்வது தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவு. திணைக்களம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகமும் உண்டு. தொழில் பயிற்சிக்கு நைட்டா போன்ற அரச நிறுவனங்கள் இருக்கின்றன. தனியார் நிலையங்களுக்கும் குறைவில்லை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். சான்றிதழில் 'ஓவர்ஹெட் கிரேன்' என்று தெளிவாக எழுதுவார்களா? மொபைல் கிரேன் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தக் கிரேனை ஓட்ட முடியாது, இரண்டும் வேறு வேறு தொழில். பெண்டன்டா, ரிமோட்டா, மேலே கெபினில் ஏறி ஓட்டுவதா, எதில் பழக்குவார்கள்? உண்மையான கிரேனில், உண்மையான லோடோடு எத்தனை மணி நேரம் கையில் தருவார்கள்? பாடத்தையும் பரீட்சைத் தாளையும் தமிழில் தருவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். பாதி விளங்கிய பாதுகாப்புப் பாடத்தால் பிரயோசனமில்லை.

ஏற்கனவே சில வருடம் ஓட்டிக் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள், வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரும் வழி ஒன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வளைகுடாவுக்குப் போக எண்ணுபவர்கள் அதைப் பற்றி இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தூரம் மதிப்பிடுவதில் பிசகினால் இந்த வேலை சரிவராது. தலைசுற்று இருந்தாலோ, தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்தாலோ அன்றைக்குக் கிரேனைத் தொட வேண்டாம்.

சைகை படிப்பது

கொழும்பு வேலைத்தளத்தில் நீங்கள் தமிழ், லோட் கட்டுபவர் சிங்களம், லொறி டிரைவர் முஸ்லிம் என்று கலந்துதான் நிற்பீர்கள். சிங்களத்தில் உஸ்ஸன்ன என்றால் தூக்கு. பஹலட என்றால் கீழே. ஹெமின் என்றால் மெதுவாக. நவத்தன்ன என்றால் நிறுத்து. இவற்றை முதல் நாளே மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 'ஹரி' என்ற சொல். நம் 'சரி' மாதிரியேதான். "சரி, தூக்கு" என்பதற்கும் ஹரி, "சரி, போதும்" என்பதற்கும் ஹரி. கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் 'ஹரி' என்று கத்தினால், அவர் தூக்கச் சொல்கிறாரா நிறுத்தச் சொல்கிறாரா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் யார்டில் ஹரியும் சரியும் சைகை கிடையாது என்று தீர்மானித்தோம். உங்கள் இடத்திலும் முதல் நாளே பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வாயை விடக் கை நம்பகமானது. பல இடங்களில் பயன்படும் சைகைகள் இவை. முழங்கையை மடக்கி முன்கையை நேராக உயர்த்தி, ஆள்காட்டி விரலால் மேலே காட்டிச் சின்ன வட்டம் போட்டால் தூக்க வேண்டும். கையைக் கீழே நீட்டி, விரலால் நிலத்தைக் காட்டி வட்டம் போட்டால் இறக்க வேண்டும். உள்ளங்கையை விரித்துத் தள்ளுவது மாதிரிக் காட்டினால் பாலம் அந்தப் பக்கம் போக வேண்டும். விரல்களை மடக்கிப் பெருவிரலால் ஒரு பக்கம் காட்டினால் டிராலி அந்தப் பக்கம். ஒரு கையை நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க அங்குமிங்கும் அசைத்தால் நிறுத்து. இரண்டு கையையும் அப்படி நீட்டினால் அவசர நிறுத்தம்.

சைகை காட்டுபவர் ஒரே ஒருவர். அவரைக் கண்ணில் காணவில்லை என்றால் கிரேன் அசையக் கூடாது. நிறுத்து என்கிற சைகை மட்டும் விதிவிலக்கு, அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். தேநீர் கொண்டு வந்த பையன் காட்டினாலும்தான்.

காலையில் முதல் பத்து நிமிடம்

மெயின் சுவிச்சைப் போடுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, நேற்றைய ஒப்பரேட்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்திப் பாலத்தின் மேல் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் கூரைத் தகடு ஒழுக்கு அடைக்கவும், டியூப் லைட் மாற்றவும் ஆட்கள் ஏறுவார்கள். ஆள் தண்டவாளப் பக்கம் வேலை செய்யும்போது கிரேன் 20 அடிக்குள் நெருங்கக் கூடாது என்பது பழைய விதி. சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேலே ஏறியவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது அதை விட நல்லது.

அடுத்தது கொக்கி. கொக்கியின் வாயை மூடும் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதை விரலால் தள்ளி விட்டால் ஸ்பிரிங்கோடு திரும்பி வந்து கொக்கி நுனியில் சரியாக உட்கார வேண்டும். நுனிக்கு எட்டாமல் இடைவெளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் விலகி நின்றாலோ கொக்கி விரிந்திருக்கிறது அல்லது முறுகியிருக்கிறது. அந்தக் கொக்கி என்றைக்கோ தாங்கக்கூடியதை விட அதிகமாகத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே சொல்லுங்கள்.

வயர் ரோப்பைக் கண்ணால் மட்டும் பாருங்கள், வெறுங்கையால் தடவ வேண்டாம். அறுந்த ஒரு இழை உள்ளங்கையை நீளத்துக்குக் கிழித்துவிடும். அறுந்த இழைகள், நசுங்கல், மடிப்பு, கூண்டு மாதிரி உப்பிய இடம், துரு ஆகியவற்றைத் தேடுங்கள். கொழும்பில் கடல் காற்று எல்லா இடமும் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்து வெளி யார்டுகளில் கிறீஸ் காய்ந்த ரோப் சீக்கிரம் சிவந்துவிடும். டிரம்மில் (ரோப் சுற்றும் உருளையில்) ரோப் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாகச் சுற்றியிருக்கிறதா, கொக்கி அடிமட்டத்துக்கு இறங்கினாலும் குறைந்தது இரண்டு சுற்றாவது டிரம்மில் மிஞ்சுகிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போது சுவிச்சைப் போடலாம். ஒவ்வொரு பட்டனும் விட்டவுடன் மேலே எழும்ப வேண்டும், ஒட்டிக்கொள்ளக் கூடாது. அம்புக்குறிகள் அழிந்துபோயிருந்தால் அன்றைக்கே எழுத வைக்க வேண்டும். சிவப்பு ஸ்டொப்பை அழுத்திவிட்டு மற்றப் பட்டன்களை அழுத்திப் பாருங்கள், எதுவும் அசையக் கூடாது. கடைசியாக மேல் லிமிட் சுவிச். வெறும் கொக்கியை, மெதுவான வேகத்தில், விட்டு விட்டு மேலே ஏற்றுங்கள். நேர் கீழே நிற்காதீர்கள். குறித்த உயரத்தில் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கொக்கிப் பெட்டி போய் டிரம்மில் மோதும், ரோப் அறும், பெட்டியோடு கொக்கி கீழே வந்து விழும். லிமிட் வேலை செய்யாத கிரேனை அன்றைக்கு யாரும் ஓட்டக் கூடாது. இன்னொன்று, லிமிட் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒவ்வொரு தடவையும் அதில் கொண்டுபோய் முட்டி நிறுத்தும் பழக்கம் வேண்டாம். அது நம் கை தவறினால் காப்பாற்றுவதற்காக இருப்பது.

பாரம் தெரியாமல் தூக்காதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

"ஒரு ரெண்டு தொன் இருக்கும்" என்று சொல்வார்கள். அந்த 'இருக்கும்' போதாது. இரும்புக் கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 16 மில்லிமீற்றர் கம்பி என்றால் 256ஐ 162 ஆல் வகுக்க 1.58 கிலோ. 12 மீற்றர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 19 கிலோ. அதில் நூறு கம்பிக் கட்டு 1.9 தொன். தகட்டுக்கு இன்னும் சுலபம்: ஒரு சதுர மீற்றர், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 7.85 கிலோ. 6 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்புத் தகடு 1,413 கிலோ வரும். கொங்கிறீட் ஒரு கன மீற்றர் சுமார் 2.4 தொன். இவற்றை ஒரு அட்டையில் எழுதி ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

கொக்கிக்குக் கீழே தொங்கும் சங்கிலி, தூக்கும் பீம் எல்லாமும் பாரத்தில் சேரும். 5 தொன் கிரேனில் 300 கிலோ பீம் மாட்டினால் மிச்சம் 4.7 தொன்தான்.

கட்டுவது

பெல்ட் ஸ்லிங்குகளுக்கு நிறம் இருக்கிறது. ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. நிறம் வெளிறிப்போகலாம், ஆகவே தைத்திருக்கும் லேபலைப் பாருங்கள். லேபல் இல்லாத ஸ்லிங், ஓரம் வெட்டுப்பட்ட ஸ்லிங், தையல் பிரிந்த ஸ்லிங் எதுவானாலும் பாதியாக வெட்டிக் குப்பையில் போட வேண்டும். வெட்டாமல் போட்டால் அடுத்த நாள் யாராவது எடுத்துக் கட்டுவார்கள்.

லேபலில் இருக்கும் அளவு நேராகத் தொங்கவிட்டால்தான் செல்லும். சுருக்குப் போட்டு இறுக்கினால் அதில் ஏறக்குறைய 80 வீதம்தான் கிடைக்கும். இரண்டு கால் போட்டுத் தூக்கும்போது கோணமும் கணக்கில் வரும். 2 தொன் லோடை இரண்டு கால்களும் நேராக நின்று தூக்கினால் ஆளுக்கு 1 தொன். கால்கள் விரிந்து, கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலிலும் 1.15 தொன். 45 பாகையில் 1.41. 30 பாகையில் ஒவ்வொன்றிலும் முழுசாக 2 தொன். அதாவது இரண்டு ஸ்லிங் போட்டும் ஒன்றில் தொங்கவிட்ட மாதிரிதான். பாகைமானி எல்லாம் தேவையில்லை. ஒரு காலின் நீளமும், லோடில் கட்டிய இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரமும் சமமாக இருந்தால் அது 60 பாகை. அதை விடத் தட்டையாகத் தெரிந்தால் நீளமான ஸ்லிங் எடுங்கள்.

கம்பிக் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது வருடம், ஒரு யார்டில். மாலை ஆறரை மணி, லொறி காத்து நிற்கிறது, மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது. ஸ்லிங்கைக் கட்டுக்கு அடியால் கொடுத்து, இரண்டு முனையையும் கொக்கியில் மாட்டித் தூக்கினோம். சுருக்கு இல்லை, இரண்டு சுற்றும் இல்லை. கட்டு கொஞ்சம் சரிந்தது. நடுவில் இறுக்கமில்லாமல் இருந்த ஒரு கம்பி சத்தமே இல்லாமல் வழுக்கி வெளியே வந்து, ஹெல்பர் அண்ணனின் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி நிலத்தில் குத்தி நின்று ஆடியது. அந்த ஆட்டம் நிற்கும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து கம்பிக் கட்டு என்றால் இரண்டு இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிச் சுருக்குப் போட்டுத்தான் தூக்குகிறேன். கட்டின் இரு முனையிலும் கம்பி நுனிகள் ஒரே மட்டமாக இருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்த்த பிறகுதான் பட்டன்.

தூக்குவதும் ஆட்டத்தைப் பிடிப்பதும்

கொக்கி லோடின் நடுவுக்கு நேர் மேலே வர வேண்டும். சரிவாக இழுத்தால் ரோப் டிரம்மின் பள்ளத்திலிருந்து விலகும், லோட் நிலத்தை விட்டதும் டிராலிக்கு நேர் கீழே வரப் பாயும். ரோப் இறுகும் வரை மெதுவாக ஏற்றுங்கள். கட்டியவர் கையை எடுத்துவிட்டாரா என்று பாருங்கள், ஸ்லிங் இறுகும்போது விரல் உள்ளே இருந்தால் விரல் போய்விடும். நாலு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். லோட் கீழே நழுவுகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? பிரேக்கில் சந்தேகம் இருந்தால் தெரிய வேண்டிய இடம் இந்த நாலு அங்குலம்தான். எல்லாம் சரியென்றால் மேலே.

அப்புறம் ஓட்டம். கிரேன் புறப்படும்போது லோட் பின்தங்கும். நிறுத்தும்போது முன்னே போகும். புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றேதான்: லோட் முன்னே ஆடியதும் பயந்துபோய்ப் பின்பக்கப் பட்டனை அழுத்துவார்கள். ஆட்டம் இரட்டிப்பாகும். செய்ய வேண்டியது நேர் எதிர். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பட்டனை விடுங்கள். லோட் முன்னே ஆடும். அது முன்பக்க எல்லையை அடையப் போகும் நேரத்தில், அதே திசையில் பட்டனை ஒரு சின்னத் தட்டுத் தட்டுங்கள். டிராலி போய் லோடின் நேர் மேலே நிற்கும், ஆட்டம் செத்துவிடும். புறப்படும்போதும் இப்படித்தான். ஒரு தட்டுத் தட்டி விட்டு, லோட் அடியில் வந்து சேரும் வரை பொறுத்து, பிறகு அழுத்திப் பிடியுங்கள்.

எப்போது தட்டுவது என்பது ரோப்பின் நீளத்தைப் பொறுத்தது. மேலிருந்து 4 மீற்றர் தொங்கினால் போய்வர 4 செக்கன், 9 மீற்றர் தொங்கினால் 6 செக்கன். 100 கிலோவாக இருந்தாலும் 5 தொன்னாக இருந்தாலும் அதே நேரம்தான். அதனால் லேசான பொருளை வைத்தே முழுசாகப் பழகிக்கொள்ளலாம். ஒரு வாளியில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கொக்கியில் மாட்டுங்கள். யார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோய், சோக்கால் போட்ட வட்டத்துக்குள் இறக்குங்கள். நான் பழக்கும் பிள்ளைகள் முதல் கிழமை முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். சிந்தாமல் மூன்று தடவை தொடர்ந்து இறக்கிய பிறகுதான் இரும்பு.

லோடோடு நடக்கும்போது அதற்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில் நடங்கள், பின்பக்கமாக நடக்கவே வேண்டாம். தடைகளைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். ஆட்களுக்கு மேலால் கொண்டுபோகாதீர்கள், மணி அடித்து விலகச் சொல்லி விலகும் வரை நில்லுங்கள். நீளமான லோடைத் திருப்பக் கையால் பிடிக்காமல், முனையில் ஒரு கயிறு கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மறுக்கும்போது

எழுதிய அளவுக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். "போன மாதமும் தூக்கினோமே" என்பார்கள். கோபப்பட்டுப் பேசினால் அது உங்களுக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையாகிவிடும். எண்ணைச் சொல்லுங்கள். "சேர், கட்டில் முந்நூறு கம்பி, 5.7 தொன் வருது, கிரேன் 5 தொன். ரெண்டாப் பிரிச்சுத் தாறேன், கால் மணி நேரம்தான்." சிங்களத்தில் "பர வெடியி, உஸ்ஸன்ன பே" என்று சொன்னால் போதும். எண்ணோடு சொன்னபோது என்னை யாரும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தினாலும் பெண்டன்டைத் தொங்கவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அந்த லோட் விழுந்தால் பட்டனை அழுத்திய விரல் யாருடையது என்றுதான் முதலில் தேடுவார்கள்.

கரண்ட் போனால்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இது எங்களுக்கு நன்றாகப் பழகிப்போனது. லோட் நடுவானத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் பதறாதீர்கள், பிரேக் ஸ்பிரிங்கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். பட்டன்களை விட்டுச் சிவப்பு ஸ்டொப்பை அழுத்துங்கள், மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், கீழே சுற்றிக் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்துங்கள். பிரேக்கை நீங்களே தளர்த்தி இறக்கப் பார்க்க வேண்டாம், அது மெக்கானிக்கின் வேலை. காந்தத்தால் தகடு தூக்கும் இடம் என்றால் நிலைமை வேறு. பற்றரி இல்லாத மின்காந்தம் கரண்ட் போன அந்த நொடியே தகட்டை விட்டுவிடும். அங்கே எல்லாரும் எப்போதும் தள்ளியே நிற்க வேண்டும்.

ஷிப்ட் முடியும்போது

கொக்கியில் எதையும் தொங்கவிட்டுப் போகாதீர்கள், வெறும் ஸ்லிங்கைக் கூட. கிரேனை அதன் இடத்துக்குக் கொண்டுபோய், கொக்கியைத் தலையில் படாத உயரத்துக்கு ஏற்றி, லிமிட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள். ஸ்டொப்பை அழுத்தி மெயினை நிறுத்துங்கள். ரிமோட் என்றால் சாவியை எடுத்து ஒப்படையுங்கள். வெளியில் நிற்கும் கேன்ட்ரி (நிலத்துத் தண்டவாளத்தில் கால்களோடு ஓடும் கிரேன்) என்றால் தண்டவாளக் கவ்விகளைப் பூட்டாமல் வீட்டுக்குப் போக வேண்டாம். ஏப்ரல், ஒக்டோபர் மாத மாலைகளில் இடியோடு வரும் காற்று பூட்டாத கிரேனைத் தள்ளிக்கொண்டு போகும்.

பிறகு பதிவுப் புத்தகம். "எல்லாம் ஓகே" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் விளங்காது. "இறக்கும்போது பிரேக் ஒரு அங்குலம் நழுவுகிறது, மெக்கானிக்கிடம் 4.30க்குச் சொன்னேன், பார்க்கும் வரை கிரேனைப் பூட்டியிருக்கிறேன், சாவி சூப்பர்வைசரிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஷிப்ட் அண்ணன் வந்ததும் அதையே வாயாலும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போங்கள்.